பொறுப்புக்குக் காசு கொடுப்பது யார்?

பன்னாட்டு காபிக் கடைகளின் 'பொறுப்பான கொள்முதல்' பற்றிப் போன இதழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். பையில் அச்சடித்திருக்கும் வாசகத்தை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம், அப்படியே ஒதுக்கிவிடவும் வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெரும்பாலானவர்கள் ஸ்டார்பக்ஸைப் பற்றியே கேட்டிருப்பதால் பதில்களும் அதைச் சுற்றியே இருக்கும். பல வருடம் ஒரு சான்றிதழ் நிறுவனத்துக்காகக் காபித் தோட்டங்களைத் தணிக்கை செய்த ஆள் நான். தோட்டத்துப் பக்கம் நின்று பார்ப்பதுதான் எனக்கு வழக்கம்.

கேள்வி: தன் காபியில் 99 சதவீதத்தை நெறிமுறைப்படி வாங்கியதாக ஸ்டார்பக்ஸ் சொல்கிறதே, அதை யார் போய்ப் பார்க்கிறார்கள்? எதை வைத்து அளக்கிறார்கள்?
— கல்லூரி மாணவி

99 என்பது 2015-ல் அவர்கள் அறிவித்த எண். அதற்குப் பின்னால் இருப்பது 'கஃபே பிராக்டிசஸ்' என்கிற விதித்தொகுப்பு. கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து 2004-ல் கொண்டுவந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட அம்சங்களைப் பார்க்கிறார்கள்: கூலி, வேலை நேரம், குடியிருப்பு, பூச்சிமருந்து, ஓடைக்கரை, நிழல் மரம் என்று பட்டியல் நீளும். குழந்தைத் தொழில், கட்டாய வேலை, காட்டை அழித்துத் தோட்டம் போடுவது ஆகியவற்றுக்கு மன்னிப்பே கிடையாது என்பது விதி. விவசாயிக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதற்கு இடையில் இருப்பவர்கள் ரசீது காட்ட வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். சிறு விவசாயி பழம் விற்கும் இடத்தில் பெரும்பாலும் வாய்க்கணக்குதான். தோட்டத்துக்குப் போவது நிறுவனத்தின் சொந்த ஆட்கள் அல்ல, அங்கீகாரம் பெற்ற ஆய்வு நிறுவனங்கள். அவர்களை மேற்பார்வை பார்க்க எஸ்சிஎஸ் குளோபல் சர்வீசஸ் என்று இன்னொரு நிறுவனம்.

காகிதத்தில் பார்த்தால் நல்ல ஏற்பாடு. நான் வேலை பார்த்தது வேறொரு சான்றிதழுக்கு. ஆனால் தணிக்கை நடக்கிற விதம் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். நாம் போகும் தேதி தோட்டத்துக்கு முன்கூட்டியே தெரியும். போய் இறங்கும்போது மருந்து அடிப்பவர்கள் கையில் மடிப்புக் கலையாத புதுக் கையுறை இருக்கும். மேசைமேல் சம்பளப் பதிவேட்டை விரித்து வைத்திருப்பார்கள். ஒரு தோட்டத்தில் அப்படி விரித்து வைத்த பக்கத்தில் வரிசையாகக் கையெழுத்துகள். எல்லாம் ஒரே மை, ஒரே சாய்வு, பெயருக்கடியில் இழுத்த கோடுகூட ஒரே நீளம். குடியிருப்புப் பக்கம் போய், பழம் பறிக்கிற ஒரு பெண்ணிடம், "சம்பளம் யார் கையால வாங்குறீங்க?" என்று கேட்டேன். "எங்களைக் கூட்டிட்டு வந்தவர் தருவாரு. மளிகைக் கணக்கு, பஸ் செலவு எல்லாம் பிடிச்சுக்கிட்டு மிச்சம்" என்றார். அந்தப் பிடித்தம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தோட்ட மேலாளர் எங்களுக்குப் பின்னால் சற்றுத் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. நான் வண்டி ஏறிப் போய்விடுவேன், அவர் அங்கேதான் இருந்தாக வேண்டும். பிடித்தத்துக்குக் கணக்கு இல்லை என்று அறிக்கையில் எழுதினேன், யார் சொன்னது என்று எழுதவில்லை.

பழம் பறிக்கிற காலம் வருடத்தில் சில மாதங்கள்தான். அப்போது வெளியூரிலிருந்து வந்து போகும் கூலியாட்கள்தான் ஆக அதிகம் ஏமாற்றப்படுபவர்கள். மற்ற மாதங்களில் தணிக்கை வைத்தால் அவர்களில் ஒருவர்கூட அங்கே இருக்க மாட்டார். ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகள் சேர்ந்த குழு என்றால் எல்லோர் நிலத்துக்கும் போக முடியாது, மாதிரிக்குச் சிலரைத்தான் பார்ப்பார்கள். அப்புறம், ஆய்வுக் கட்டணத்தைக் கட்டுவது பெரும்பாலும் காபியை விற்கிற பக்கம், வாங்குகிற பக்கம் அல்ல. எனக்கு முதல் ஆட்சேபம் இதில்தான்.

நடந்ததையும் சொல்ல வேண்டும். 2018-ல் பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில், கஃபே பிராக்டிசஸ் சான்றிதழ் பெற்றிருந்த ஒரு தோட்டத்திலிருந்து, அடிமைநிலைக்கு ஒப்பான சூழலில் வேலை செய்த தொழிலாளர்களை அரசு ஆய்வாளர்கள் மீட்டார்கள். 2020-ல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி, குவாதமாலாவில் ஸ்டார்பக்ஸுக்கும் நெஸ்பிரஸ்ஸோவுக்கும் காபி போகும் தோட்டங்களில் 13 வயதுகூட ஆகாத பிள்ளைகள் வேலை செய்வதைப் படம்பிடித்துக் காட்டியது. 2024 ஜனவரியில் நேஷனல் கன்ஸ்யூமர்ஸ் லீக் என்ற அமெரிக்க அமைப்பு, நெறிமுறைக் கொள்முதல் என்ற வாசகம் நுகர்வோரை ஏமாற்றுவதாக ஸ்டார்பக்ஸ் மேல் வழக்குத் தொடுத்தது.

இதனால் சான்றிதழே வெறும் நாடகம் என்று நான் சொல்ல மாட்டேன். கழிப்பறை இல்லாத குடியிருப்பில், அடுத்த தணிக்கைக்குப் போனபோது கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பறையைப் பார்த்திருக்கிறேன். அங்கே இருக்கும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு தோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்த இது நல்ல கருவி. 99 என்று எண் போட்டு உத்தரவாதம் கொடுக்கும் அளவுக்கு அதற்குக் கண் கிடையாது.

கேள்வி: ஒரு கோப்பைக்கு நான் கொடுக்கும் பணத்தில் விவசாயிக்கு எவ்வளவு போகிறது? சுற்றி வளைக்காமல் கணக்காகச் சொல்லுங்கள்.
— கணக்கர் வேலையில் இருக்கும் வாசகர்

சரி, கணக்கே போட்டுவிடுவோம். வறுக்காத கொட்டையை உலகச் சந்தையில் பவுண்டு கணக்கில் விலை பேசுகிறார்கள். ஒரு பவுண்டு 454 கிராம். வறுத்தால் 15 முதல் 20 சதவீதம் எடை குறையும். 370 கிராம் சொச்சம் மிஞ்சும். இரட்டை எஸ்பிரெசோ ஒன்றுக்கு 18 கிராம் தூள் என்று வைத்தால் ஒரு பவுண்டில் இருபது கோப்பை. நியூயார்க் சந்தையில் அராபிகா என்கிற காபி ரகம் பவுண்டு 2 டாலர் விற்கிறது என்று வையுங்கள், ஒரு கோப்பைக்குள் போகிற கொட்டையின் விலை 10 சென்ட். அந்த 10 சென்ட்டும் விவசாயிக்குப் போகாது. ஏற்றுமதியாளர், உமி நீக்கும் ஆலை, லாரி, கூட்டுறவுச் சங்கம் எல்லாரும் எடுத்ததுபோக மீதிதான் அவர் கைக்கு. கடையில் நீங்கள் கொடுப்பதில் பெரும்பகுதி வாடகை, ஊழியர் சம்பளம், பால், விளம்பரம், லாபம்.

இதையே மறுபக்கத்திலிருந்து பாருங்கள். கொட்டைக்கு இன்னும் பாதி விலை கூட்டிக் கொடுத்தால், கோப்பைக்கு ஏறுவது 5 சென்ட். கவனிக்கக்கூட மாட்டீர்கள். வருடம் முழுக்க ஒரே ஒரு அறுவடையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா, பழம் பறிக்கக் கூட்டிப்போவதா என்பதையே அது தீர்மானித்துவிடும். குழந்தைத் தொழிலுக்கு மன்னிப்பில்லை என்று விதி எழுதுவதைவிட, இது நேராக வேரில் போய் நிற்கிறது.

விலை ஓரிடத்தில் நின்றாலாவது தேவலை. 1989 வரை சர்வதேச காபி ஒப்பந்தம், எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று அளவு வைத்து விலையைத் தாங்கிப் பிடித்தது. அந்த வருடம் ஜூலையில் அது உடைந்தது. 2001-ல் பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழே போயிற்று. பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டவர்கள் உண்டு. 2019-ல் மறுபடி ஒரு டாலருக்குக் கீழே. 2025 பிப்ரவரியில் 4 டாலரைத் தாண்டியது. அதில் விவசாயிக்குக் கொண்டாட்டம்தானே என்று கேட்கலாம். பிரேசிலில் மழை பொய்த்து விளைச்சல் குறைந்ததும் அந்த விலையேற்றத்துக்கு ஒரு காரணம். விற்கக் கொட்டை இருந்தவருக்குத்தான் கொண்டாட்டம்.

ஃபேர்டிரேட் சான்றிதழில் குறைந்தபட்ச விலை என்று ஒன்று உண்டு. கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்கு 2023 ஆகஸ்ட் முதல் அது பவுண்டு 1.80 டாலர். அதற்கு மேல் சங்கத்தின் பொதுக் காரியங்களுக்கு 20 சென்ட். சந்தை எவ்வளவு சரிந்தாலும் அதற்குக் கீழே வாங்கக் கூடாது. கஃபே பிராக்டிசஸில் அப்படி ஒரு அடிமட்ட விலை கிடையாது. இருநூறு அம்சம் பார்க்கிற சான்றிதழ், விலைக்கு மட்டும் உறுதி தராமல் இருப்பது எனக்கு உறுத்துகிறது. கழிப்பறை கட்டு, கையுறை வாங்கிக் கொடு, ஓடைக்கரையில் இடம் விட்டுப் பயிரிடு என்றெல்லாம் சொல்கிறவர்கள் அந்தச் செலவுக்கு வழியும் சொல்ல வேண்டாமா?

கேள்வி: எத்தியோப்பியா நாடு தன் காபிப் பெயர்களுக்கு உரிமை கேட்டபோது ஸ்டார்பக்ஸ் குறுக்கே நின்றது என்று படித்தேன். உண்மையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர்

உண்மை, ஆனால் முடிவு நல்லபடியாகத்தான் அமைந்தது. சிடாமோ, ஹரார், யிர்கச்செஃபே என்ற மூன்று பெயர்களையும் வணிக முத்திரையாகப் பதிவு செய்யக் கோரி 2005-ல் எத்தியோப்பிய அரசு அமெரிக்காவில் விண்ணப்பித்தது. காபி பிறந்த நாடு அது. அந்தப் பெயர்களால்தான் கொட்டைக்கு நல்ல விலை, அந்த விலையில் பங்கு கேட்டார்கள். அமெரிக்காவின் தேசிய காபிச் சங்கம் எதிர்த்தது. ஸ்டார்பக்ஸோ, முத்திரை வேண்டாம், இந்த ஊரில் விளைந்தது என்று சான்றளிக்கும் முறையே போதும் என்றது. 2006 அக்டோபரில் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு அமைப்பு இதை வெளிப்படையான பிரச்சாரமாக்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் நிறுவனத்துக்கு எழுதினார்கள். 2007 ஜூனில் அந்தப் பெயர்களை அங்கீகரிக்கும் உடன்பாட்டில் ஸ்டார்பக்ஸ் கையெழுத்திட்டது.

கேள்வி: காகிதக் கோப்பை மக்கிவிடும் அல்லவா? பிளாஸ்டிக் ஸ்ட்ராவை ஒழித்தாயிற்று, கோப்பைக்கு ஏன் இவ்வளவு சண்டை?
— ஒரு வாசகி

காகிதம் மக்கும். உள்பக்கம் பூசியிருக்கிற பாலிஎதிலீன் படலம் மக்காது. அது இல்லாவிட்டால் சூடான காபியில் காகிதம் ஊறி ஒழுகிவிடும். இரண்டையும் பிரித்தெடுக்கத் தனி வசதி உள்ள ஆலை வேண்டும். அது இல்லாத இடத்தில் கோப்பை குப்பைமேட்டுக்குத்தான் போகும். 2015-க்குள் நான்கில் ஒரு பானத்தையாவது திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கோப்பையில் கொடுப்போம் என்று ஸ்டார்பக்ஸ் 2008-ல் சொன்னது. பிறகு அந்த இலக்கை 5 சதவீதமாகக் குறைத்துக்கொண்டது. அதையும் எட்டவில்லை. சொந்தக் கோப்பை கொண்டுவருகிறவருக்குச் சின்னத் தள்ளுபடி 1985-லிருந்தே இருக்கிறது. அதை நம்பிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்கள் மிகக் குறைவு.

உட்கார்ந்து குடிக்கிறவருக்குக் கேட்காமலே பீங்கான் கோப்பையில் கொடுத்தால் வேலை முடிந்தது. கழுவ ஆளும் நேரமும் வேண்டும், அதாவது கடை செலவழிக்க வேண்டும். 2025-ல் அமெரிக்கக் கடைகளில் பீங்கான் கோப்பையை மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். மனமார வரவேற்கிறேன்.

கேள்வி: கோப்பையைவிடப் பெரிய சுற்றுச்சூழல் கேடு எது?
— அதே வாசகி

பால். 2018-ஆம் ஆண்டுக்கு ஸ்டார்பக்ஸே கணக்கெடுத்து 2020 ஜனவரியில் வெளியிட்டது: 1.6 கோடி டன் கரியமில வாயுவுக்குச் சமமான வெளியேற்றம், 100 கோடி கன மீட்டர் தண்ணீர், 8,68,000 டன் கழிவு. வெளியேற்றத்தில் பால்பொருட்களுக்குத்தான் முதல் இடம். மூன்றையும் 2030-க்குள் பாதியாக்குவோம் என்றார்கள். தன் தவறை இப்படி எண்களில் வைத்ததற்கு நிறுவனத்தைப் பாராட்டுகிறேன், பல நிறுவனங்கள் இதைச் செய்வதில்லை. ஆனால் ஓட்ஸ் பால், சோயா பால் கேட்பவரிடம் கூடுதல் காசு வாங்குவதை அமெரிக்காவிலும் கனடாவிலும் 2024 நவம்பரில்தான் நிறுத்தினார்கள். அதே 2024-ல் புதிய தலைமை நிர்வாகியை நியமித்தபோது, கலிஃபோர்னியாவில் குடியிருந்துகொண்டு 1,600 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சியாட்டில் தலைமையகத்துக்கு நிறுவன விமானத்தில் வந்துபோகலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். வாடிக்கையாளரைக் கோப்பை சுமந்து வரச் சொல்கிற நிறுவனம் இதைச் செய்யக் கூடாது.

தோட்டத்துப் பக்கம் கேட்டால் தண்ணீரைச் சொல்வேன். பழத்தின் தோலை உரித்த பிறகு கொட்டைமேல் வழவழவென்று ஒரு பசை இருக்கும். அதைத் தொட்டியில் புளிக்கவைத்துக் கழுவி எடுப்பார்கள். கழுவின தண்ணீர் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கால்வாயில் ஓடும். முதலில் மஞ்சளாக, சற்றுத் தள்ளிப் பழுப்பாக, ஓடையில் சேரும் இடத்தில் கருத்துப்போய் நுரை கட்டியிருக்கும். புளித்த பழவாடை மூக்கைத் துளைக்கும். அந்தப் பசையில் இருக்கும் சர்க்கரையைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைக் காலி செய்துவிடும், மீன் மிதக்கும். கீழே அதே ஓடையில் குடம் வைத்துத் தண்ணீர் எடுக்கிறவர்கள் இருப்பார்கள். குறைவான தண்ணீரில் உரிக்கும் இயந்திரமும், கழிவுநீரைத் தேக்கித் தெளியவைக்கும் குட்டைகளும் இருந்தால் இதைப் பெருமளவு தடுக்கலாம். இரண்டுக்கும் பணம் வேண்டும். சிறு விவசாயியிடம் அது இல்லை என்பதை மேலே போட்ட கணக்கே சொல்லிவிடும்.

கேள்வி: நான் ஒரு காபிச் சங்கிலியின் கடையில் பகுதிநேரமாக வேலை பார்க்கிறேன். தோட்டத்தொழிலாளியைப் பற்றியே பேசுகிறீர்கள். கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் எங்களைப் பற்றி?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பேசத்தான் வேண்டும். ஸ்டார்பக்ஸ் 1988-லேயே பகுதிநேர ஊழியருக்கும் மருத்துவக் காப்பீடு கொடுத்தது. 1991-ல் ஊழியர்களுக்கு நிறுவனத்தின் பங்குகளைக் கொடுத்தது. அமெரிக்கச் சில்லறை வியாபாரத்தில் அந்தக் காலத்தில் இது மிகவும் அபூர்வம். அதே நிறுவனத்தில்தான் 2021 டிசம்பரில் பஃபலோ நகரக் கடை ஒன்றின் ஊழியர்கள் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள். அது நூற்றுக்கணக்கான கடைகளுக்குப் பரவியது. சங்கத்தில் சேர்ந்ததற்காகப் பழிவாங்கினார்கள் என்ற புகார்களும் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தில் நூற்றுக்கணக்கில் குவிந்தன.

சலுகை இருந்தும் ஏன் சங்கம் என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே காப்பீடு கிடைக்க வாரத்துக்குச் சராசரி 20 மணி நேரமாவது வேலை செய்திருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் என்பதை அட்டவணை போடுகிறவர் தீர்மானிக்கிறார். நேரத்தைக் குறைத்தால் காப்பீடும் போய்விடும். நிறுவனம் மனமிரங்கித் தந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியதை அவ்வளவு எளிதாக எடுக்க முடியாது. உங்கள் கடையில் போடும் வேலைநேர அட்டவணையை வாராவாரம் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு பேச்சு வந்தால் கையில் சான்று இருக்கும்.

கேள்வி: வரி கட்டுவது சமூகப் பொறுப்பில் சேருமா?
— ஒரு வாசகர்

முதலில் அதுதான் சேரும். ஸ்டார்பக்ஸுக்குப் பிரிட்டனில் 14 வருடத்தில் 300 கோடி பவுண்டு விற்பனை, கட்டிய கம்பெனி வரி 86 லட்சம் பவுண்டு என்று 2012-ல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டது. பெயரைப் பயன்படுத்துவதற்கான உரிமைத்தொகை, சுவிட்சர்லாந்து வழியாகக் காபி வாங்கும் விலை, குழுமத்துக்குள் வாங்கிய கடனின் வட்டி என்று கணக்கு போட்டதில் பிரிட்டனில் லாபமே மிஞ்சவில்லை. சட்டத்தை மீறவில்லை என்று நிறுவனம் சொன்னது. ஆனால் மக்கள் கொதித்தபிறகு, இரண்டு வருடத்தில் 2 கோடி பவுண்டு கட்டுகிறோம் என்று தானாக முன்வந்தது. வரி என்பது விருப்பப்பட்டால் கொடுக்கும் நன்கொடை ஆகிவிடக் கூடாது.

கேள்வி: இவ்வளவும் தெரிந்த பிறகு அந்தக் கடைகளைப் புறக்கணிப்பதுதானே சரி?
— இரண்டு வாசகர்கள், ஏறத்தாழ ஒரே வார்த்தைகளில்

உங்கள் கோபத்தை மதிக்கிறேன், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். 30 நாடுகளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளிடமிருந்து அந்த நிறுவனம் வாங்குகிறது. வியாபாரம் குறைந்தால் முதலில் வெட்டுவது கொள்முதலைத்தான். அந்த விவசாயி அடுத்து விற்கப் போகிற தரகர், இருநூறு என்ன, ஒரு கேள்விகூடக் கேட்க மாட்டார்.

இதுவரை எது பலித்தது என்று பாருங்கள். 2000-ல் குளோபல் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு பல நகரங்களில் போராட்டம் அறிவித்தது. ஃபேர்டிரேட் காபியை விற்க வேண்டும் என்பது ஒன்றுதான் கோரிக்கை. நிறுவனம் இறங்கி வந்தது. எத்தியோப்பியா விஷயத்திலும் கோரிக்கை ஒன்றுதான், அதுவும் பலித்தது. பொதுவாகத் திட்டுவதைவிட, மறுக்க முடியாதபடி ஒன்றைக் குறிப்பாகக் கேட்பதுதான் பலிக்கிறது.

நான் கேட்கச் சொல்வது இது. பவுண்டுக்குச் சராசரியாக என்ன விலை கொடுத்தோம் என்று ஸ்டார்பக்ஸ் ஒரு காலத்தில் தன் பொறுப்பறிக்கையில் அச்சிட்டது. 2004-ல் அது 1.20 டாலர், அன்றைய சந்தை விலையைவிட 74 சதவீதம் அதிகம். அப்படி அச்சிடுவதை மறுபடி வருடாவருடம் செய்யட்டும். கூடவே, அந்த விலையில் விவசாயியின் கைக்கு எவ்வளவு போனது என்பதையும் நாடுவாரியாகப் போடட்டும். இடையில் இருப்பவர்கள் ரசீது காட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்களே, அந்த எண்கள் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. கடையில் கருத்துப் படிவம் கொடுத்தால் இதை எழுதுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், அடுத்த இதழில் அப்படியே வெளியிடுகிறேன்.